உழைப்பு, கடுப்பு, கரையேறுதல்: ஆங்கிலக் கொச்சைத் தொடர்களைப் பழகிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் சுத்தமாக மெயில் எழுதுகிறவர்கள், இன்டர்வியூவில் தடுமாறாமல் பேசுகிறவர்கள்கூட மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. ராத்திரி எட்டரை மணிக்கு மீட்டிங், அந்தப் பக்கம் டெக்சாஸில் அப்போதுதான் காபியோடு உட்கார்ந்திருக்கும் கிளையன்ட் 'வீ ஆர் நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ் யெட்' என்கிறார், இந்தப் பக்கம் சோழிங்கநல்லூரில் நாலு பேர் மியூட்டைப் போட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எந்தக் காடு, யார் உள்ளே போனது? பிரச்சினை இன்னும் முழுசாகத் தீரவில்லை என்கிறார் மனிதர், அவ்வளவுதான்.

ஆபீஸ் பேச்சில் காதில் விழும் கொச்சைத் தொடர்களைக் கொட்டிப் பிரித்தால் பெரும்பகுதி மூன்று வகைக்குள் அடங்கிவிடும்: மாடாய் உழைத்ததைச் சொல்வது, கடுப்பானதைச் சொல்வது, ஒரு வழியாகக் கரையேறியதைச் சொல்வது. இந்த மூன்றையும் எப்படிப் பழகிக்கொள்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். அர்த்தம் தெரிந்துகொள்வதில் பெரிய சிரமம் இல்லை, அகராதியைத் திறந்தால் கிடைத்துவிடும். யார், யாரிடம், எந்த மனநிலையில் சொல்லலாம் என்பதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். 'டங்குவார் அந்துபோச்சு மச்சி' என்று நண்பனிடம் சொல்கிற அதே வாய், மாமனாரிடம் 'கொஞ்சம் அலைச்சல்தான் மாமா' என்று தானாகவே மாறிக்கொள்கிறது இல்லையா, அந்தக் காது ஆங்கிலத்திலும் வேண்டும்.

படி 1: பட்டியலைத் தூக்கிப் போடுங்கள்

வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும் '500 இடியம்ஸ்' பிடிஎஃப்களை முதலில் அழித்துவிடுங்கள். அதில் பாதி இன்று யாரும் வாய்விட்டுச் சொல்லாதவை. பள்ளியில் மனப்பாடம் செய்த 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' போன்றதை லண்டனில் நனைந்துகொண்டே நிற்கிறவர்கூட அபூர்வமாகத்தான் சொல்வார். இன்னொரு தொல்லை, பட்டியலில் தொடரும் அதன் பொருளும் மட்டும்தான் இருக்கும், சொன்னவரின் முகம் இருக்காது.

பதிலாக ஒரு சின்ன நோட்டு, அல்லது போனில் ஒரு நோட்ஸ் பக்கம். காதில் விழுந்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள், கூடவே யார் சொன்னது, யாரிடம், எந்த ஊர்க்காரர், சிரித்தாரா முறைத்தாரா, எதற்காகச் சொன்னார். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: 'ஐ'ம் அப் டு மை நெக் இன் டெஸ்டிங் திஸ் வீக். டெஸ்ட் லீட், மான்செஸ்டர், எங்கள் மேனேஜரிடம், சிரித்துக்கொண்டே, புது வேலை தலையில் விழாமல் இருக்க.' கடைசித் துண்டைக் கவனியுங்கள். கழுத்துவரை வேலை என்பது பொருள், ஆனால் அந்த வாக்கியம் அங்கே செய்த வேலை 'என்னிடம் தராதே' என்று நாசூக்காகத் தட்டிக்கழிப்பது. இதை எந்தப் பட்டியலும் உங்களுக்குச் சொல்லாது.

கேட்பதற்கு ஆபீஸ் மீட்டிங் மட்டும்தான் என்றில்லை. டீம்ஸ், ஜூம் ரெக்கார்டிங்குகளில் பேச்சை எழுத்தாகவும் காட்டும் வசதி இருக்கிறது, அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். மயிலாப்பூரிலிருந்து தரமணிக்குப் பறக்கும் ரயிலில் போகிற நேரத்தில் இரண்டு பேர் சாதாரணமாக அரட்டை அடிக்கும் பாட்காஸ்ட் ஒன்றைக் கேளுங்கள், செய்தி வாசிப்பு வேண்டாம், செய்தி வாசிப்பவர்கள் கொச்சையாகப் பேச மாட்டார்கள்.

படி 2: ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்

எழுதி வைத்ததற்குப் பக்கத்தில் சிக்னல் மாதிரி மூன்று நிறத்தில் ஒன்றைப் போடுங்கள். பச்சை என்றால் கிளையன்ட், பாஸ், யாரிடமும் சொல்லலாம். மஞ்சள் என்றால் பழகியவர்களிடம் மட்டும். சிவப்பு என்றால் கேட்டால் புரிய வேண்டும், நம் வாயிலிருந்து வரக்கூடாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகியவை நடத்தும் இணைய அகராதிகள் இலவசம்தான். அவற்றில் ஒரு தொடரைத் தேடினால் பொருளுக்கு முன்னாலேயே இன்ஃபார்மல், ஸ்லாங், டபூ, பிரிட்டிஷ், அமெரிக்கன் என்று ஒரு சிட்டை ஒட்டியிருக்கும். பொருளைப் படிப்பதற்கு முன் அந்தச் சிட்டையைப் படியுங்கள், பாதி விபத்து அங்கேயே தவிர்ந்துவிடும். உச்சரிப்புக்கும் தொனிக்கும் யூக்ளிஷ் என்ற தளம் உதவும், தேடிய தொடரை யூடியூபில் யார் யார் சொல்கிறார்களோ அந்தத் துண்டுகளை வரிசையாக ஓட்டிக்காட்டும், அமெரிக்கா, பிரிட்டன் என்று பிரித்தும் கேட்கலாம். அர்பன் டிக்‌ஷனரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், வேடிக்கைக்குப் படியுங்கள், அதை நம்பி எதையும் பேசாதீர்கள்.

படி 3: உழைப்பைச் சொல்வது

'பர்ன் தி மிட்நைட் ஆயில்' நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். விளக்கெண்ணெய் எரித்துப் படித்த காலத்துத் தொடர், 1635-இல் பிரான்சிஸ் குவார்ல்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞரின் வரியிலேயே நள்ளிரவு எண்ணெய் வந்துவிட்டது. பச்சை நிறம், ஆனால் கொஞ்சம் ஏட்டு வாடை அடிக்கும். அமெரிக்க இளைஞர்கள் பேச்சில் 'புல் அன் ஆல்-நைட்டர்' என்பார்கள், விடிய விடிய முழித்து முடித்தோம் என்று.

இதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆளைக் கவிழ்ப்பது 'பர்ன் தி கேண்டில் அட் போத் எண்ட்ஸ்'. நம் ஆட்கள் இதையும் பாராட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது எச்சரிக்கை. ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்து காலை ஆறு மணிக்கு எழுந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவனைப் பார்த்துச் சொல்வது. பிரெஞ்சிலிருந்து வந்த தொடர், 1611-இல் வந்த ஒரு பிரெஞ்சு-ஆங்கில அகராதியில் இருக்கிறது, அந்தக் காலத்தில் சொத்தை இரண்டு கையாலும் கரைப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். இப்போது அப்ரைசல் படிவத்தில் ஒருவர் 'ஐ பர்ன்ட் தி கேண்டில் அட் போத் எண்ட்ஸ் டு மீட் தி டெட்லைன்' என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனசில் இருப்பது தியாகம். படிக்கிற வெள்ளைக்கார மேனேஜருக்குத் தெரிவதோ, இந்த ஆளுக்கு நேரத்தைப் பங்கிடத் தெரியவில்லை, சீக்கிரமே படுத்துவிடுவார் என்பது. அதே விஷயத்தை 'ஐ புட் இன் லாங் அவர்ஸ் டு கெட் தி ரிலீஸ் அவுட் ஆன் டைம்' என்று எழுதினால் சுத்தமாக முடிந்தது. என்னைக் கேட்டால் அப்ரைசலில் கொச்சைத் தொடரே வேண்டாம் என்பேன், ஆனால் ஏப்ரல் மாதம் வந்தால் யார் கேட்கிறார்கள்.

'எல்போ கிரீஸ்' எனக்கு ரொம்பப் பிடித்தது. முழங்கை மசகு. எந்தக் கடையிலும் கிடைக்காது, அதனாலேயே பிரிட்டனின் பட்டறைகளில் புதுசாகச் சேர்ந்த பையனைக் கூப்பிட்டு 'ஸ்டோர்ல போய் ஒரு டப்பா எல்போ கிரீஸ் வாங்கிட்டு வா' என்று அனுப்பிச் சிரிப்பது பழைய வழக்கம். 1672-லேயே ஆண்ட்ரூ மார்வெல் எழுத்தில் இருக்கிறது. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு 'விம்மை மாத்தாதே, கையில தெம்பு வச்சுத் தேய்' என்று பாட்டி சொல்வாரே, அதுதான் இது. உடம்பு அலுக்கும் வேலைக்கு, தேய்த்துத் துடைக்கும் வேலைக்குப் பொருந்தும். பழைய கம்ப்யூட்டர் கோட்-ஐச் சுத்தம் செய்வதற்கும் வேடிக்கையாகச் சொல்லலாம். பச்சை.

'ஒர்க் மை டெய்ல் ஆஃப்', 'ஒர்க் மை பட் ஆஃப்', 'ஒர்க் மை ஆஸ் ஆஃப்' மூன்றும் ஒரே வாக்கியம்தான், உறுப்பு மாற மாற நிறம் மாறுகிறது. வால் என்றால் பெரியவர்கள் முன்னாலும் பரவாயில்லை, நடுவில் இருப்பது மஞ்சள், கடைசி சிவப்பை ஒட்டி நிற்கிறது. அமெரிக்க பாஸே மூன்றாவதைச் சர்வசாதாரணமாகச் சொல்வார். அவர் சொல்கிறார் என்பதற்காக நாமும் அவரிடம் திருப்பிச் சொல்லலாம் என்று அர்த்தமில்லை, பாஸ் நம்மை 'டேய்' என்று கூப்பிடுவதால் நாம் அவரை 'டேய்' என்று கூப்பிட முடியுமா?

'புல் யுவர் வெயிட்' படகுப் போட்டியிலிருந்து வந்தது என்பார்கள். 1867-இல் தொடங்கி, இப்போது அடையாற்றங்கரையில் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப் பக்கம் காலையில் போனால் பார்க்கலாம், எட்டுப் பேர் படகில் ஒருவர் சும்மா துடுப்பை ஆட்டினாலும் மற்றவர்கள் முதுகு ஒடியும். கவனிக்க வேண்டியது, இந்தத் தொடர் பெரும்பாலும் இல்லை என்ற வடிவத்தில்தான் வரும். 'ஹி ஈஸ்ன்ட் புல்லிங் ஹிஸ் வெயிட்' என்றால் நேரடிப் புகார், விஷயம் மேலிடத்துக்குப் போகிற எஸ்கலேஷனுக்கு முந்தைய வாசல். உங்கள் டீமில் ஒருவரைப் பற்றி இது காதில் விழுந்தால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'கிராஃப்ட்' என்று ஒன்று, கைவினையைச் சொல்லும் சொல் அல்ல, 'ஜி' எழுத்தில் தொடங்குவது. பிரிட்டனில் 'ஹார்ட் கிராஃப்ட்' என்றால் கடும் உழைப்பு. அமெரிக்காவில் கிராஃப்ட் என்றால் அரசியல்வாதி அடிக்கிற ஊழல் பணம். லண்டன் மேனேஜரிடம் கற்றுக்கொண்டு நியூயார்க் கிளையன்டிடம் 'எங்கள் வெற்றிக்குக் காரணம் கிராஃப்ட்' என்று சொல்லிவிடாதீர்கள். 'கோ தி எக்ஸ்ட்ரா மைல்' பைபிளில் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருந்து வந்தது, ஒரு மைல் சுமக்க வற்புறுத்தினால் இரண்டு மைல் போ என்கிறது. இப்போது ரெஸ்யூமே ஒவ்வொன்றிலும் கிடக்கிறது, தேய்ந்துபோன காசு, விட்டுவிடுங்கள்.

களைத்துப்போனதைச் சொல்ல பிரிட்டிஷ்காரர்கள் 'ஐ'ம் நாக்கர்ட்' என்பார்கள். கிழட்டுக் குதிரைகளை வாங்கிக் கொல்பவருக்கு நாக்கர் என்று பெயர், அங்கிருந்து வந்த சொல். இங்கே ஒரு வேடிக்கை, நம் டங்குவாரும் குதிரைச் சமாச்சாரம்தான், சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வார் அது. ஆக தேம்ஸ் கரையிலும் கூவம் கரையிலும் களைத்த மனிதனுக்குக் குதிரைதான் ஞாபகம் வந்திருக்கிறது. நாக்கர்ட் மஞ்சள், டங்குவாரும் மஞ்சள்தான், இதையே கணக்காக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கர்களுக்கு இது அவ்வளவு பழக்கமில்லை, அவர்களிடம் 'ஐ'ம் பீட்' அல்லது 'வைப்ட் அவுட்'.

படி 4: கடுப்பைச் சொல்வது

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் கடுப்பில் இருக்கும்போதுதான் யோசிக்காமல் பேசுவோம், யோசிக்காமல் பேசினால் தமிழ் அப்படியே ஆங்கில உடையில் வெளியே வந்துவிடும். 'ஹி இஸ் டேக்கிங் மை லைஃப்' என்று சாட்டில் அடித்தால் அந்தப் பக்கம் இருப்பவர் கொலை முயற்சி என்று நினைப்பார். 'ஈட்டிங் மை ஹெட்' டெல்லி வரைக்கும் செல்லும், துபாயில்கூடச் சமாளிக்கலாம், மான்செஸ்டரில் முழிப்பார்கள்.

துரைப்பாக்கம் டீக்கடையில் ஆறு மணிக்கு நின்றால் கேட்கிற ஒரு பேச்சை எடுத்துக்கொள்வோம். 'மச்சி, அந்தாளு உயிரை வாங்குறான்டா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்டேட்டஸ் கேக்குறான். தலை மேலயே உக்காந்திருக்கான். மீட்டிங்னு வச்சா பிளேடு. நேத்து மறுபடியும் ஸ்கோப்பை மாத்துனான் பாரு, அதோட எனக்கு வெறுத்துடுச்சு.'

இதில் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஆள் இருக்கிறது. உயிரை வாங்குகிறவன் அங்கே 'டிரைவ்ஸ் மி அப் தி வால்', சுவர் மேல் ஏற வைக்கிறான். தலைமேல் உட்கார்ந்திருப்பவன் ஆங்கிலத்தில் கழுத்துக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிறான், 'பிரீதிங் டவுன் மை நெக்'. பிளேடு போடுகிறவன் 'டாக்ஸ் மை இயர் ஆஃப்', அங்கே கழுத்துக்குப் பதில் காது போகிறது. கடைசியாக ஸ்கோப்பை, அதாவது செய்ய வேண்டிய வேலையின் எல்லையை, மாற்றியது 'தி லாஸ்ட் ஸ்ட்ரா', ஒட்டகத்தின் முதுகை ஒடித்த கடைசி வைக்கோல். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்று படித்தோமே, மயிலிறகுதான் என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டி அச்சும் முறியும் என்று, அதே சங்கதி. முக்கியம் என்னவென்றால் லாஸ்ட் ஸ்ட்ரா சின்ன விஷயமாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு முன்னால் நிறையச் சேர்ந்திருக்க வேண்டும். முதல் தடவை நடந்த பெரிய தப்புக்கு இதைச் சொன்னால் பொருந்தாது.

சூட்டைக் குறைவிலிருந்து அதிகத்துக்கு இப்படி வரிசைப்படுத்தலாம். 'இட்ஸ் எ பிட் ஆஃப் எ பெய்ன்' என்றால் லேசான சலிப்பு, கொஞ்சம் தொல்லைதான் என்கிற அளவு. 'இட் பக்ஸ் மி' அதற்கு அடுத்தது. 'கெட்ஸ் ஆன் மை நெர்வ்ஸ்' வந்தால் எரிச்சல் ஏறிவிட்டது. 'அப் தி வால்' நம் ஊர்க் காண்டு. 'ஐ'ம் ஃபெட் அப்' என்றால் வெறுத்துவிட்டது, இதற்குமேல் முயற்சி செய்யப் போவதில்லை. 'ஐ'வ் ஹேட் இட் அப் டு ஹியர்' என்று கையைக் கழுத்துக்கோ நெற்றிக்கோ கொண்டுபோனால் கதவைச் சாத்திவிட்டுப் போகப்போகிறார். 'பிஸ்ட் ஆஃப்' சிவப்பு, கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

ஒரே ஒரு விதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள்: கடுப்புத் தொடரின் எழுவாய் ஒரு பொருளாக இருக்கட்டும், ஆளாக வேண்டாம். 'திஸ் பில்ட் டூல் இஸ் டிரைவிங் மி அப் தி வால்' என்றால் எல்லாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். 'யூ ஆர் டிரைவிங் மி அப் தி வால்' என்றால் அன்றைக்கு மீட்டிங் முடிந்தது. நடுவழி ஒன்றும் உண்டு, ஆளின் செய்கையைச் சொல்வது, 'தி லாஸ்ட்-மினிட் சேஞ்சஸ் ஆர் கெட்டிங் ஆன் எவ்ரிஒன்'ஸ் நெர்வ்ஸ்' என்று. யாரைச் சொல்கிறோம் என்று அவருக்கும் தெரியும், ஆனால் பெயர் வரவில்லை. சாடையாகப் பேசுவதில் நம்மை யாரும் ஜெயிக்க முடியாது, அந்தத் திறமையை இங்கே இறக்குங்கள்.

'பெய்ன் இன் தி நெக்' பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில். கழுத்துக்குப் பதில் உடம்பின் பின்புறத்தைச் சொன்னால் சிவப்பு, அமெரிக்காவில் ஒரு எழுத்துக்கூட்டல், பிரிட்டனில் இன்னொன்று, சூடு ஒன்றுதான். 'கெட்ஸ் மை கோட்' என்பதில் வரும் கோட் சட்டை அல்ல, ஆடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவியது. பந்தயக் குதிரை அமைதியாக இருக்க லாயத்தில் ஓர் ஆட்டைக் கட்டுவார்கள், எதிராளி அதைத் திருடிவிடுவான் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது, கேட்க அழகாக இருக்கிறது, சான்று கிடையாது.

அப்புறம் ஊர் மாறினால் பொருள் மாறுகிறவை. 'பிஸ்ட்' என்று மொட்டையாகச் சொன்னால் அமெரிக்காவில் கோபம், பிரிட்டனில் குடிபோதை. 'அவர் டீம் லீட் இஸ் பிஸ்ட் டுடே' என்று லண்டனுக்குச் செய்தி அனுப்பினால், சென்னை ஆபீஸில் பகலிலேயே தண்ணி அடிக்கிறார்கள் என்று ஆகிவிடும். 'டிக்ட் ஆஃப்' அமெரிக்காவில் கடுப்பாகியிருக்கிறார், பிரிட்டனில் திட்டு வாங்கியிருக்கிறார். 'ஆர் யூ வைண்டிங் மி அப்?' என்று ஒரு பிரிட்டிஷ்காரர் கேட்டால் கூட்டத்தை முடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து லேப்டாப்பை மூடாதீர்கள், என்னைக் கலாய்க்கிறாயா என்று கேட்கிறார்.

படி 5: கஷ்டத்தில் இருப்பதும் மீள்வதும்

'பைட் தி புல்லட்' பற்றி நம் நாட்டில் ஒரு கதை உலவுகிறது, 1857 கிளர்ச்சியில் கொழுப்பு தடவிய தோட்டாவைக் கடித்ததிலிருந்து வந்தது என்று. ஆனால் அதற்குப் பல பத்தாண்டு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சை அகராதியில், சவுக்கடி வாங்கும் சிப்பாய்கள் கத்தாமல் இருக்கத் தோட்டாவை மென்றதாகக் குறிப்பு இருக்கிறது. நமக்கு உடனே பல்லைக் கடித்துக்கொண்டு என்பது ஞாபகம் வரும், ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஒரு வித்தியாசம். 'பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் ஓட்டினேன்' என்று தமிழில் நீட்டலாம். பைட் தி புல்லட் ஒரு முறை எடுக்கும் முடிவு, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கசப்பான காரியத்தை இன்றைக்குச் செய்துவிடுவது. பழைய சர்வரை மாற்றுவது, பல் டாக்டரிடம் போவது, ரிசைன் பண்ணுவதாகச் சொல்வது. இரண்டு வருஷம் ஓட்டியதற்கு 'ஸ்டிக் இட் அவுட்' அல்லது 'டஃப் இட் அவுட்'.

'ஹேங் இன் தேர்' கஷ்டத்தில் இருக்கும் நண்பனுக்கு, சமமானவருக்கு. விடாதே, தாக்குப்பிடி என்று. மேலதிகாரிக்குச் சொன்னால் தட்டிக்கொடுக்கிற மாதிரி ஆகும். துக்க வீட்டுச் செய்திக்கு வேண்டவே வேண்டாம். 'ஹேங் ஆன்' என்றால் கொஞ்சம் இரு, 'ஹேங் அப்' என்றால் போனை வை, மூன்றையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

ஒரு ப்ராஜெக்ட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல ஆங்கிலத்தில் ஒரு வரிசையே இருக்கிறது, ஸ்டேட்டஸ் மீட்டிங்கில் இதைத் தெரிந்து வைத்திருப்பது பெரிய லாபம். 'கீப்பிங் அவர் ஹெட்ஸ் அபவ் வாட்டர்' என்றால் மூழ்கவில்லை, முன்னேறவும் இல்லை. 'வீ'வ் டர்ன்ட் தி கார்னர்' என்றால் மோசமானது முடிந்து நிலைமை திரும்ப ஆரம்பித்திருக்கிறது. 'ஓவர் தி ஹம்ப்' என்றால் மேடு ஏறி இறங்கிவிட்டோம், பெரும்பகுதி வேலை முடிந்தது. 'அவுட் ஆஃப் தி வுட்ஸ்' என்றால் ஆபத்து நீங்கியது, ஆனால் இதை முக்கால்வாசி நேரம் 'நாட் யெட்' சேர்த்துத்தான் சொல்வார்கள், டாக்டர்களும் அப்படித்தான். கிளையன்ட் டர்ன்ட் தி கார்னர் என்று சொன்னதைக் கேட்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆட்களைக் குறைத்தால் வம்பு.

விளையாட்டிலிருந்து வந்தவற்றில் நமக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும். 'ஸ்டிக்கி விக்கெட்' சேப்பாக்கத்தில் மேட்ச் பார்த்து வளர்ந்தவனுக்கு விளக்கமே வேண்டாம், பிட்சை மூடாத காலத்தில் மழை பெய்து வெயில் அடித்தால் பந்து எப்படித் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது, அந்த மாதிரி இக்கட்டு. பிரிட்டிஷ்காரரிடம் தாராளமாகச் சொல்லலாம். அமெரிக்கரிடம் சொன்னால் ஒன்றும் புரியாது. அவர் பதிலுக்கு 'ஸ்டெப் அப் டு தி ப்ளேட்' என்பார், சாப்பாட்டுத் தட்டு அல்ல, பேஸ்பாலில் மட்டையடிப்பவர் வந்து நிற்கிற இடம், பொறுப்பை ஏற்று முன்னால் வா என்று அர்த்தம். 'கர்வ்பால்' என்றால் எதிர்பாராமல் வந்து விழுந்த சிக்கல். குத்துச்சண்டைத் தொடர்கள் இரண்டு நாட்டுக்கும் பொது, வடசென்னையின் பரம்பரைக் குத்துச்சண்டை தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம்: 'ஆன் தி ரோப்ஸ்' என்றால் கயிற்றில் சாய்ந்து தள்ளாடுகிற நிலை, 'ரோல் வித் தி பஞ்சஸ்' என்றால் அடி விழும் பக்கமே உடம்பைக் கொடுத்துச் சமாளிப்பது, 'த்ரோ இன் தி டவல்' என்றால் தோற்றதை ஒப்புக்கொள்வது.

எல்லாம் சொதப்பி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தால் 'பேக் டு தி டிராயிங் போர்டு'. 1941-இல் நியூயார்க்கர் பத்திரிகையில் பீட்டர் ஆர்னோ வரைந்த ஒரு கார்ட்டூன்தான் இதைப் பரப்பியது: விமானம் ஒன்று தரையில் மூக்கு நசுங்கிக் கிடக்கிறது, ஆட்கள் அதை நோக்கி ஓடுகிறார்கள், வடிவமைத்தவர் மட்டும் சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்து வருகிறார், சரி, மறுபடியும் வரைபலகைக்கே என்று. அந்த அலட்சியச் சிரிப்பு தொடரில் இன்னும் இருக்கிறது, அதனால் உங்கள் சொந்தத் தோல்விக்குச் சொல்லுங்கள், அடுத்தவர் டிசைன் ஊற்றிக்கொண்டதற்குச் சொல்லாதீர்கள்.

படி 6: உருவத்தை மாற்றாதீர்கள்

இந்தத் தொடர்கள் சாதாரண வாக்கியம் மாதிரி இலக்கணத்துக்கு வளையாது. மிட்நைட் ஆயில் ஒருமைதான், ஆயில்ஸ் கிடையாது. 'தி' என்ற சின்னச் சொல்லை நம் ஆட்கள் விழுங்கிவிடுவார்கள், அது இல்லாமல் பைட் புல்லட் என்றால் தொடர் செத்துவிடும். 'தி புல்லட் வாஸ் பிட்டன்' என்று செயப்பாட்டுவினையில் திருப்பினால் சிரிப்பார்கள். காலம் மாறலாம், பிட், பர்ன்ட், டர்ன்ட் என்று. யாருடைய வெயிட், யாருடைய நெர்வ்ஸ் என்பதும் மாறலாம். ஃபெட் அப் பின்னால் 'வித்' போடுவது பாதுகாப்பு, 'ஆஃப்' என்றும் பிரிட்டனில் பேசுகிறார்கள், எழுத்தில் தவிர்க்கலாம். சந்தேகம் வந்தால் நோட்டில் எழுதிய முழு வாக்கியத்தைப் பாருங்கள், அதற்குத்தான் அதை முழுசாக எழுதச் சொன்னேன்.

படி 7: வாயில் வர வைப்பது

வாரத்துக்கு ஒரு தொடர் போதும். மூன்று வேறு ஆட்கள் வாயிலிருந்து அதைக் கேட்டபிறகு எடுங்கள். முதலில் சக ஊழியரிடம் சாட்டில், அப்புறம் பேச்சில், கிளையன்டிடம் கடைசியில். ஒரே மீட்டிங்கில் இரண்டாவது தொடர் வேண்டாம், மூன்றாவது வந்தால் சினிமா வசனம் பேசுகிற மாதிரி இருக்கும். கான்ட்ராக்ட், மினிட்ஸ், புரொடக்‌ஷன் கோளாறு பற்றிய மெயில் இதிலெல்லாம் ஒன்றுகூட வேண்டாம், அதைப் படிப்பவர் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இருக்கலாம், அவருக்கும் உங்கள் மாதிரியே ஆங்கிலம் இரண்டாவது மொழி. இன்டர்வியூவில் கஷ்டத்தைச் சமாளித்த கதை கேட்பார்கள், அங்கே ஒரு 'டர்ன்ட் தி கார்னர்' நன்றாக உட்காரும், கடுப்பு வகையில் எதுவும் வேண்டாம்.

படி 8: புரியாவிட்டால் கேட்பது

மியூட்டில் முகம் பார்த்துக்கொள்வதை விட்டுவிட்டு, 'தட்ஸ் எ நியூ ஒன் ஃபார் மி, வாட் டஸ் இட் மீன்?' என்று கேட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள், பெரும்பாலும் சந்தோஷமாக விளக்குவார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் விஷயத்தை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள், 'ஸோ சம் இஷ்யூஸ் ஆர் ஸ்டில் ஓபன், ரைட்?' என்று. தேதியோ பணமோ சம்பந்தப்பட்டிருந்தால் ஊகிக்கவே ஊகிக்காதீர்கள். 'லெட்'ஸ் டேபிள் திஸ்' என்று அமெரிக்கர் சொன்னால் இதைத் தள்ளி வைப்போம், அதையே பிரிட்டிஷ்காரர் சொன்னால் இப்போது பேச எடுத்துக்கொள்வோம். இரண்டு பேரும் ஒரே மீட்டிங்கில் இருந்தால் 'டு யூ மீன் டுடே, ஆர் லேட்டர்?' என்று கேட்டுவிட்டு அப்புறம் மினிட்ஸ் எழுதுங்கள்.